பண்டிகைக் கட்டுரைகளும் நம் தோட்டத்து வாழ்க்கையும்

நம் நாட்டுத் தமிழ் எழுத்தில் பண்டிகைக் கட்டுரையைப் போல் ஏராளமாக விளைவது வேறொன்றில்லை. தை பிறந்தால் பொங்கல் மலர், ஐப்பசி வந்தால் தீபாவளி மலர், கோயில் குடமுழுக்கென்றால் அதற்கொரு சிறப்பு மலர் என்று வருஷம் முழுவதும் மலர்கள் மலர்ந்துகொண்டே இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியிலும் இதுவே தலைப்பு. ஆயினும், இவ்வளவு ஏராளமாக விளையும் இப்பொருளை, இது நெல்லா பதரா என்று தூற்றிப் பார்த்தவர் மிகச் சிலரே. அவ்வேலையை இங்கே ஓரளவு செய்து பார்க்க விரும்புகிறேன்.

குறை சொல்ல வந்த இவன் யார் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. நான் புலவனல்லேன். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவன். இளமையில் சிங்கப்பூரில் அத்தை வீட்டில் தங்கி, ஆங்கில வழியில் படித்தேன். தமிழ் எனக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி; ஆனால் வீட்டில் அதுதான் முதல் மொழி. இக்காரணத்தால் பண்டிகைக் கட்டுரை என்னும் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். ஆகவே இது நீதிபதியின் தீர்ப்பன்று; உடன்பட்ட குற்றவாளியின் வாக்குமூலம் என்றே கொள்க.

பண்டிகைக் கட்டுரைக்கென்று ஓர் இலக்கணம் வழங்கி வருகிறது. முதலில் பண்டிகையின் பெயருக்குச் சொற்பொருள். அடுத்துப் புராணக் கதை. அதன்பின், அதிகாலையில் எழுந்து எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை புனைகின்ற பத்தி. பின்னர்ப் பலகாரப் பட்டியல். கடைசியில், ஆகவே நாம் யாவரும் ஒற்றுமையுடன் வாழ்வோமாக என்னும் மங்களம். இவ்வைந்து உறுப்புகளும் அமைந்துவிட்டால் கட்டுரை முடிந்தது. எழுதியவர் தஞ்சாவூரில் இருக்கிறாரா, தைப்பிங்கில் இருக்கிறாரா என்பது படிப்பவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை நடந்ததா என்பதும் தெரியாது.

எனக்குப் பதின்மூன்று வயதில் "நான் கொண்டாடிய பொங்கல்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கதிர் அறுத்ததையும், களத்தில் நெல் குவிந்ததையும், உழவர்கள் ஏரைக் கழுவிப் பொட்டிட்டதையும், வாய்க்கால் ஓரத்துக் கரும்புத் தோட்டத்தையும் எழுதினேன். பரிசும் கிடைத்தது. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி நாற்பது வருஷம் பால் வெட்டியவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எந்த ஊருப் பொங்கல், தம்பி?" என்றார். அக்கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் விடை இல்லை. அதே வருஷத்தில் ஆங்கில வகுப்பில் பனி பெய்யும் இரவைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கண்டறியாத பனியை ஆங்கிலத்திலும், கண்டறியாத ஏரைத் தமிழிலும் எழுதி, இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

பாட்டியின் கேள்விதான் இக்கட்டுரையின் உரைகல். நம் பண்டிகை எழுத்தை வருஷ வரிசையில் எடுத்துக்கொண்டு, இது எந்த ஊர்ப் பண்டிகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.

தைப் பொங்கலிலிருந்து தொடங்குவோம். ஜனவரி 14 அல்லது 15-இல் வரும் இப்பண்டிகை தமிழ்நாட்டு நெல் அறுவடையை ஒட்டியது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழி, களஞ்சியம் நிரம்புகின்ற வயற்காட்டில் பிறந்தது. ஆனால் நம்மவரில் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டுக்கு வந்தது நெல் அறுக்க அன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தார்கள். பால்மரத் தோட்டத்திலே தைக்குப் பின் இலை உதிரத் தொடங்கும். மாசி, பங்குனி வரை பால் குறையும். பால் குறைந்தால் வருமானம் குறையும். ஆகவே தோட்டத்துத் தை, வழி பிறக்கும் மாதமன்று. வழி அடைபடப்போகும் மாதம். அப்படியிருந்தும் லயத்து வாசலில் மூன்று கல் வைத்து, கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியைப் பொங்கி, குலவையிட்டு, சூரியனுக்குப் படைத்தார்களே, அவர்களுடைய மனத்தை எந்தப் பொங்கல் கட்டுரை எழுதியிருக்கிறது? அறுவடை உள்ளவன் பொங்குவதில் என்ன அதிசயம்? அறுவடை இல்லாதவன் பொங்கினான் என்பதல்லவா எழுதத் தக்க செய்தி!

மாட்டுப் பொங்கல் விஷயம் வேறு. அது தோட்டத்தில் மெய்யாகவே நடந்தது. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பசு வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் பல உண்டு. கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் வடை மாலை கட்டி ஓட்டிச் சென்றதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் இனி மாடு வளர்க்கலாகாது என்று சில வருஷங்களுக்கு முன் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இளஞ்செடிகளை மாடு மேய்ந்துவிடுகிறது என்பது காரணம். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நானே. அடுத்த தையில் வெளிவந்த மலர் ஒன்றிலே, நாம் நன்றியோடு ஆவினத்தைப் போற்றும் நாள் என்று ஒரு கட்டுரை படித்தேன். அதில் பிழை ஒன்றுமில்லை, இலக்கணப்படி எழுதப்பட்டிருந்தது. எந்த ஆவினம் என்று மாத்திரம் சொல்லப்படவில்லை.

அடுத்து வருவது தைப்பூசம். இந்நாட்டுத் தமிழருக்கு உலகப் புகழ் தேடித் தந்த திருவிழா இதுவே. பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை 1891ஆம் வருஷம் கோயில் அமைத்தார். மறுவருஷம் முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு இரவெல்லாம் ஊர்ந்து பத்துமலை சேரும். 2006ஆம் வருஷம் அங்கே எழுப்பப்பட்ட முருகன் சிலையின் உயரம் 140 அடி. மேலே போக 272 படிகள். பினாங்கிலே தண்ணீர்மலையும், சிங்கப்பூரிலே சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரையிலான காவடி வழியும் இவ்வாறே பேர் பெற்றவை.

இந்தத் தைப்பூசத்தை எழுதுவோர் இருதிறத்தார். ஆங்கிலத்தில் எழுதுவோர் அலகை மட்டும் பார்க்கிறார்கள். கன்னத்தில் எத்தனை வேல், முதுகில் எத்தனை கொக்கி என்று எண்ணி எழுதி, இரத்தம் வரவில்லையே என்று வியந்து முடிப்பார்கள். தமிழில் எழுதுவோர் அன்னை வேல் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, ஆடும் காவடியைப் பாராட்டி முடிப்பார்கள். சீர்திருத்தக்காரரோ வீண் செலவையும், உடலை வருத்துவதையும், தெருவெல்லாம் சேரும் குப்பையையும் கண்டிப்பார்கள். இம்மூவருமே காவடி எடுக்கிறவனிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நான் கேட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஏழு வருஷம் பால்குடம் எடுத்தாள். கருச்சிதைவு மூன்று, நான்காவது நிலைத்தால் எடுப்பேன் என்று வேண்டுதல். இன்னொருவர் மருந்தடிக்கும் வேலையில் பார்வை மங்கி, மருத்துவமனைக்கு நடந்து நடந்து சலித்து, இறுதியில் காவடி நேர்ந்துகொண்டவர். வேண்டுதல்களை வரிசையாக எழுதினால் அது ஒரு சமுதாயத்தின் நோய்க்கணக்காகவும் குறைக்கணக்காகவும் நிற்கும். மருத்துவரும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் கேட்டிருக்க வேண்டிய முறையீடுகளை முருகன் ஒருவனே கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போது விளங்கும். காவடியை மூடத்தனம் என்று சொல்வது சுலபம். அந்த மனிதனுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று சொல்வதே கடினம்.

தைப்பூசத்தைப் பற்றி எழுதப்படாத இன்னொரு செய்தி, விடுமுறை. சிங்கப்பூரில் அது பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து 1968ஆம் வருஷம் நீக்கப்பட்டது. மலேசியாவில் சில மாநிலங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. கோலாலம்பூருக்கு 2008ஆம் வருஷத்தில்தான் கிடைத்தது. தீபாவளியை எடுத்துக்கொண்டாலும், 1955ஆம் வருஷ வேலைச் சட்டப்படி தொழிலாளிக்குரிய பொது விடுமுறை 11 நாட்களில் ஐந்து மட்டுமே கட்டாயமானவை. தீபாவளி அவ்வைந்தில் அடங்கவில்லை. மீதி ஆறில் அதைச் சேர்ப்பது முதலாளி பட்டியலிடும் பொறுப்பு. வருஷத் தொடக்கத்தில் அப்பட்டியலை எழுதி ஒட்டுகிற கிராணி என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பண்டிகை வானத்திலிருந்து மாத்திரம் வருவதில்லை, ஆபீசு வாசல் அறிவிப்புப் பலகையிலிருந்தும் வருகிறது.

மாசி மகாசிவராத்திரி, பங்குனி உத்திரம், சித்திரை வருஷப் பிறப்பு, ஆவணிப் பிள்ளையார் சதுர்த்தி, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவெம்பாவை, வைகுண்ட ஏகாதசி ஆகியவை நகரத்துக் கோயில்களில் ஒழுங்காக நடைபெறுகின்றன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களில் கூட்டம் நெரிகிறது. இவற்றைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை பஞ்சாங்கத்தின் விரிவுரைகளே. அவற்றைத் தனித்தனியே ஆராயத் தேவையில்லை.

நவராத்திரியை மட்டும் விட்டுப்போக மனமில்லை. நகரத்து மலர்களில் நவராத்திரி என்றால் கொலுப் படிகளும் சுண்டலும் பாட்டுக் கச்சேரியுமே. தோட்டத்தில் நவராத்திரி என்றால் ஆயுத பூசை. பால் வெட்டும் கத்தி, வாளி, காண்டாக் கம்பு ஆகியவற்றைக் கழுவிச் சந்தனம் வைத்துச் சுவரோரம் சாத்திவைப்பார்கள். இப்பொழுது கத்திக்குப் பதில் நீண்ட கழியில் பூட்டிய அரிவாளும், டிராக்டரும், எங்கள் ஆபீசுக் கணினியும் பொட்டிட்டு நிற்கின்றன. வருஷம் முழுவதும் தன் கையைக் காய்த்துப்போகச் செய்த கருவியை மனிதன் ஒரு நாள் ஓய்வாக நிறுத்தி வணங்குகிறான். இந்நாட்டு உழைப்பாளியின் மெய்யான திருநாள் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. கொலு எழுதப்படுகிறது, கத்தி எழுதப்படவில்லை.

ஐப்பசியில் தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் சிங்கப்பூரில் தீமிதி. சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் 1827ஆம் வருஷம் நாராயண பிள்ளையால் தோற்றுவிக்கப்பட்டது. அங்கே திரௌபதை அம்மனுக்காகப் பூக்குழி இறங்குகிறார்கள். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துத் திரௌபதை வழிபாடு கப்பலேறி வந்து ஒரு துறைமுகப் பட்டணத்தின் நடுவே வேரூன்றி நிற்பது வியக்கத்தக்க வரலாறு. நான் மாணவனாக இருந்தபோது அத்தையுடன் இரவெல்லாம் அங்கே நின்றிருக்கிறேன். சபையிலே இழுத்து அவமானம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் பெயரால் நடக்கும் விழா அது. ஆனால் குழியில் இறங்குவோர் ஆண்களே. பெண்கள் பால்குடம் எடுக்கலாம், வெறுந்தரையில் விழுந்து விழுந்து கோயிலைச் சுற்றி வரலாம். இதைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியும், யார் தினமும் மிதிக்கிறாங்கன்னு" என்றார். தீமிதி பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

பின்பு தீபாவளி. நரகாசுரன் கதையைச் சொல்லாத தீபாவளிக் கட்டுரை இல்லை. அக்கதையை மறுக்காத சீர்திருத்தக் கட்டுரையும் இல்லை. இருதிறத்தாரும் நரகாசுரனையே சுற்றிச் சுற்றி வருகிறார்களேயன்றி, லயத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். ரப்பர் காலத்தில் மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்கு வருமானம் குறையும். ஆக, செலவு மிகுந்த பண்டிகை, வரவு குறைந்த மாதத்தில் வந்து நின்றது. புதுத்துணியும் எண்ணெயும் பலகாரச் சாமானும் கடனாகவே வந்தன. பிறகு கள்ளுக்கடை. 1947ஆம் வருஷம் கெடாவிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததை அறிந்தவர்களுக்கு, தோட்டத்துப் பண்டிகையின் மறுபக்கம் எத்துணைக் கசப்பானது என்பதை விளக்க வேண்டுவதில்லை. செம்பனை வந்தபின் கணக்கு மாறிற்று. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலை மிகும்; வெட்டுகிற டன்னுக்கு ஏற்பக் கூலியும் கூடும்; தீபாவளி சற்றுக் கௌரவமாக வருகிறது. இப்படி மரம் மாறியதால் பண்டிகை மாறிய கதை, நரகாசுரன் கதைக்கு எவ்விதத்தில் சுவை குறைந்தது?

பலகாரப் பத்தியைப் பற்றியும் ஒரு சொல். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று எழுத அரை நிமிஷம் போதும். அவற்றைச் செய்யப் பெண்கள் எத்தனை இரவு விழித்தார்கள், விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றபோது கண் எப்படி எரிந்தது என்பதை எழுத ஒருவரும் முன்வருவதில்லை. பலகாரம் தட்டில் தானாகத் தோன்றுவதாகவே நம் கட்டுரையாசிரியர்கள் நினைக்கிறார்கள்.

இதுகாறும் பழமையாளரின் கட்டுரைகளைச் சொன்னேன். நம் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 1929ஆம் வருஷக் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. சாதி வேற்றுமையையும், கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரத்தையும், உயிர்ப்பலியையும் கண்டித்த அப்பெரியோர்களின் தொண்டை நாம் மறத்தல் தகாது. 1952-இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, புராணத்தின் சுமை இல்லாத பொங்கலை மையமாக வைத்து, சாதி சமயம் கடந்து தமிழரை ஒரு பந்தலில் கூட்டினார். அது சிறந்த காரியம். ஆனால் அதன் பின்வந்த நம் எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? நரகாசுரன் இருந்த இடத்தில் உழவனை வைத்தார்கள். கப்பல் துறையில் மூட்டை தூக்கியவனுக்கும், தண்டவாளம் போட்டவனுக்கும், பால் வெட்டியவனுக்கும் உழவர் திருநாள் வாழ்த்துச் சொன்னார்கள். பொய்க்கதை போயிற்று, ஆனால் மெய்க்கதை வரவில்லை. ஒரு கதையை நீக்குவது சீர்திருத்தத்தின் பாதி. அந்த இடத்தில் நம் வாழ்க்கையை உள்ளபடி வைப்பதே மறுபாதி.

இவ்வளவையும் ஏன் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், இது வெறும் எழுத்து நயத்தைப் பற்றிய வழக்கன்று. சென்ற வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. இந்நாட்டுத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அதை வருணிக்க வேண்டுவதில்லை. லயங்களுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மண்டபம், பக்கத்தில் முனியாண்டிக்கு ஒரு மேடை, ஒரு வேப்ப மரம். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் திருவிழா. கரகம், பால்குடம், அன்னதானம், கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அதிலும் குறைகள் இருந்தன. முதல் மரியாதை கங்காணிக்கே சென்றது. பறை அடித்தவரைப் பந்தியில் கடைசியில் உட்கார வைத்தார்கள். அது மாற நெடுங்காலம் பிடித்தது. ஆயினும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வராதவர்கள்கூட அத்திருவிழாவுக்கு வருகிறார்கள். தோட்டத்தில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பதினொன்றே; குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். ஆனால் திருவிழா நாளிலே ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்கள் வந்து மண்பாதையை நிறைத்துவிடுகின்றன. லயம் இடிந்துபோனவர்களுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

அக்கோயில் நிற்கும் பகுதி விற்பனைக்குப் பேசப்படுகிறது. வீடுகள் கட்டப் போகிறார்களாம். கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். அளவைக்கு வந்த அதிகாரி மரியாதையாகவே கேட்டார்: இக்கோயில் எத்தனை வருஷமாக இருக்கிறது, திருவிழா எப்போதிருந்து நடக்கிறது, ஏதேனும் எழுத்தில் இருக்கிறதா என்று. நிலப் பத்திரம் கிடையாது. தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கும் அது கிடையாது. சுபாங் ஜெயாவில் பழைய சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலை முன்னிட்டு 2018 நவம்பரில் நடந்த கலவரத்தையும், அதில் படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னர் உயிர் துறந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பாதையில் எங்கள் ஜனங்கள் போக விரும்பவில்லை. காகிதம் இருந்தால் காட்டிவிடலாம் என்று என்னிடம் வந்தார்கள். நான் படித்தவனாம்.

கோயில் அலமாரியிலிருந்த மலர்களையெல்லாம் எடுத்து வந்து மூன்று இரவு படித்தேன். முப்பது வருஷத்து மலர்கள். அவற்றில் மாரியம்மன் மகிமை இருந்தது. சக்தி வழிபாட்டின் தத்துவம் இருந்தது. பொங்கலில் உழவன் இருந்தான். தீபாவளியில் நரகாசுரன் இருந்தான். எங்கள் கோயிலை முதலில் கட்டியவர் யார், எந்த வருஷம் ஓடு மாற்றினார்கள், எந்த வருஷத் திருவிழா மழையால் தள்ளிப்போயிற்று என்பதற்கு ஒரு வரியும் இல்லை. எழுதியவர்களில் பலர் அதே லயங்களில் பிறந்தவர்கள். எழுதும்போது மாத்திரம் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் பதின்மூன்று வயதில் அப்படித்தான் போனேன்.

கடைசியில் சாட்சி வேறிடத்தில் கிடைத்தது. ஆபீசின் பின்கட்டில் கறையான் தின்றது போக மிஞ்சிய பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடந்தன. செக்ரோல் என்பது தொழிலாளியின் பேர்வழிக் கணக்கு. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்பது அதில் இருக்கும். 1956ஆம் வருஷத்துப் புத்தகத்தில், அரிசிக்கும் முன்பணத்துக்கும் அடுத்த கட்டத்தில், "கோயில்" என்று தலைப்பிட்டு ஒவ்வொரு பேருக்கும் நேராக 50 காசு பிடித்திருந்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள் முழுத் தோட்டத்துக்கும் வேலை இல்லை. ஓரத்தில் "திருவிழா" என்று ஒரு குறிப்பு. தொடர்ந்து வந்த புத்தகங்களிலும் அப்படியே. என் பாட்டியின் பேருக்கு எதிரிலும் 50 காசு இருந்தது. பேர் தெரியாத ஒரு பழைய கிராணி, அழகுக்காக ஒரு சொல்லும் எழுதாதவர், எங்கள் திருவிழாவை முப்பது மலர்களும் எழுதாத அளவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பக்கங்களை நகலெடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறோம். முடிவு இன்னும் தெரியவில்லை.

ஆகவே பண்டிகைக் கட்டுரை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாக எழுதுங்கள் என்கிறேன். புராணம் சொல்ல விரும்புவோர் சொல்லட்டும். மறுக்க விரும்புவோர் மறுக்கட்டும். ஆனால் இரண்டு பத்தியாவது, எந்த ஊர், எந்த வருஷம், யார் சமைத்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்மார் அடுத்த முறை பிள்ளைகளிடம் பொங்கல் கட்டுரை கேட்கும்போது, ஏரும் களமும் எழுதிய பிள்ளைக்குப் பரிசு தர வேண்டாம். அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில், புகை எச்சரிக்கை மணி அடிக்குமோ என்று அஞ்சி, மின் அடுப்பில் பால் பொங்க வைத்ததை எழுதிய பிள்ளைக்குத் தாருங்கள். அதுவும் பொங்கல்தான். அது இந்த ஊர்ப் பொங்கல்.

மலர் வெளியிடும் கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வருஷ மலரில் தத்துவக் கட்டுரை ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஊரில் மூத்த பாட்டி ஒருவரிடம் பிள்ளை ஒன்றை அனுப்பி, அவர் கண்ட முதல் திருவிழாவைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் பாட்டி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்குத் தமிழ் எழுதத் தெரியும். அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார நேரமும் இருந்தது. நான் கேட்கவில்லை. இன்று செக்ரோலில் 50 காசாக மாத்திரம் அவரைப் பார்க்கிறேன்.